கால் லிட்டர் கறுப்பு

கல்லுக்கட்டி வயிரவன் கடையில்
சாமியார் எழுதிய சீட்டை நீட்டினேன்.
சம்மனசுக்கு ரோஸ் அரை லிட்டர்,
பசாசுக்குக் கறுப்பு கால்.
ஊரிலுள்ள முகப்பு யானைக்கெல்லாம்
கண் எழுதுகிறவள் என்று
பத்து ரூபாய் குறைத்துக்கொண்டார்.

கோயிலைச் சாத்திக்கொண்டு சாரத்தில் ஏறினேன்.
மிக்கேல் சம்மனசு ஆளுயரம்.
ஒரு கையில் ஈட்டி, மறு கையில் தராசு,
தட்டில் பல்லி முட்டை இரண்டு.
காலடியில் அது,
என் கை நிறத்தில்.

சுரண்டச் சுரண்ட
வாய் தானாகச் செபத்தைப் பிடித்துக்கொண்டது.
ராத்திரி செபமாலை முடிந்து
தூக்கக் கலக்கத்தில் சொல்வோமே, அது.
பசாசு என்ற சொல் வரும்போது
தம்பி இன்னாசி என் முழங்கையைத் தொட்டுக் காட்டுவான்.
அம்மாவும் சிரிப்பை அடக்குவாள்.
செபம் நிற்காது.

பெரியவளான பிறகு
பயந்து அதைச் சொன்னது ஒரே ஒரு பகல்.
கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு வீடு,
ரெண்டாங்கட்டு.
தண்ணீர் கேட்டு வந்தவன்
உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டான்.
நல்ல சிவப்பு.
நெற்றியில் சந்தனம் வேறு.
பாதி செபத்தில் வாசலில் பைக் சத்தம்,
யாரோ ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே கதவை உலுக்கினார்கள்.
பால்காரர்.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.

கறுப்புக்கு அடியில் பச்சை இருந்தது.
பச்சைக்கு அடியில் காவி.
அதற்கும் அடியில்
முட்டை வெள்ளை கலந்த பழைய சாந்து,
வளவுத் தூண் மாதிரி வழவழவென்று,
எந்த நிறமும் இல்லாமல்.
அங்கே நிறுத்திவிட்டேன்.

பிறகு கறுப்பு டப்பாவைத் திறந்து
ரோஸில் ஊற்றினேன்.
கையிருப்புக் காவியும் கொஞ்சம்.
குச்சியால் கலக்கி
முழங்கையில் ஒரு தீற்று தீற்றிப் பார்த்தேன்.
தெரியவில்லை.
சரி.

முகம், கழுத்து, ஈட்டி பிடித்த விரல்கள்,
கடைசியாக, மிதிக்கிற பாதம்.
இறக்கையை வெள்ளையாகவே விட்டேன்.
பல்லி முட்டையைத் தொடவில்லை.

திருவிழாவன்று சாமியார்
வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.
"பசாசுக்கு?"
"பெயிண்ட் பத்தல சாமி."

பெண்கள் வரிசையாக வந்து
பாதத்தைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.
எப்போதும் போலத்தான்.
ஒருத்தி மட்டும்
தொட்ட விரலைப் புரட்டிப் பார்த்தாள்,
ஒட்டியிருக்கிறதா என்று.

இன்னாசி பக்கத்தில் வந்து கிசுகிசுத்தான்:
"அக்கா, சம்மனசு என்ன
வெயில்ல வேலைக்குப் போயிட்டு வந்த மாதிரி இருக்கு?"

"போயிருந்துச்சுடா"
என்றேன்.