ஒன்பதாவது மிஷன்

திருவாரூரில் சிவக்கொழுந்துவின் கடையில்
அறுநூறு ரூபாய் கொடுத்து
பழைய ஹார்டு டிஸ்க்குக்கு உயிர் வாங்கி வந்தேன்.
வீட்டுப் பத்திரத்தின் நகல் அதில்தான் இருக்கிறதென்று
சிங்கப்பூரிலிருந்து அண்ணன் நச்சரிப்பு.
பத்திரம் இல்லை.
நாங்கள் பறந்த போர்விமானம் இருந்தது.

லேப்டாப்பில் ஓடுமா என்று பார்த்தேன்.
ஓடியது.
இவ்வளவு சின்னதா அந்த வானம்!
கோள் என்று நம்பியது நான்கு பழுப்புப் பட்டை.
எதிரிக் கப்பல் மூன்று முக்கோணம்,
வெடித்தால் ஆறு முக்கோணம்.
இதற்கா உள்ளங்கை வியர்த்தது என்று சிரித்து
கையைப் பார்த்தால்
வியர்த்திருக்கிறது.

அப்போது எனக்குப் பதின்மூன்று.
கம்ப்யூட்டரை வைத்துவிட்டு அண்ணன் விமானம் ஏறிய மறுவாரம்
ஹிதாயா மதினி ஸ்டூலை இழுத்துப் போட்டு
பக்கத்தில் உட்கார்ந்தார்.
லுஹருக்கும் அஸருக்கும் நடுவே
கூத்தாநல்லூரே கண் அசரும் நேரம்.
அம்புக்குறிகள் எனக்கு. ஸ்பேஸ் பார் அவருக்கு.
நான் ஓட்டுவேன், அவர் சுடுவார்.
"மூக்கைத் தூக்குடா, மூக்கைத் தூக்கு!"
மேலே ஏறக் கீழ்க்குறியை அழுத்த வேண்டும் என்பது
எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது.

ஒன்பதாவது மிஷனில் செத்தோம்.
வளையத்துப் பனிக்கட்டிகளுக்கு நடுவே
ஒரு சரக்குக் கப்பலைக் கூட்டிப்போக வேண்டும்.
கண்ணிவெடிகள் மோப்பம் பிடித்து வந்து ஒட்டும்.
குறுவை அறுப்பின்போது செத்தோம்.
சம்பா பால்பிடிக்கும்போதும் செத்துக்கொண்டிருந்தோம்.
சில நாள் ஸ்டெபிலைசர் டொக்கென்று ஓய்ந்து
மின்வாரியம் எங்களைக் கொன்றது.
"நம்மால ஆகாதுப்பா."
முக்காட்டைச் சரிசெய்துகொண்டு
டீ போட எழுந்துவிடுவார்.

தை அறுப்புக்குள்
காரைக்காலிலிருந்து அவருடைய அத்தா கார் எடுத்து வந்தார்.
கூடத்தில் பேசினார்கள், பிறகு ஜமாத்தில் எழுதினார்கள்.
என்னை யாரும் கேட்கவில்லை,
கேட்க என்ன இருக்கிறது.
ஸ்டூல் சமையலறைக்குப் போனது.

இப்போது ஓட்டுவதும் சுடுவதும் நானே.
சுடுகிற கை எப்போதும் அரை நொடி பிந்துகிறது.
மூன்று முறை செத்துவிட்டு
விமானிகள் பட்டியலைத் திறந்தேன்.
முதல் வரியில் நான். மிஷன் ஒன்பது.
இரண்டாவது வரி என்று ஒன்று இருந்தது.

எட்டெழுத்துக்கு மேல் ஏற்காத பெட்டியில்
மிச்சமே வைக்காமல் எட்டு ஆங்கில எழுத்து:
மடையான்.
வெண்ணாற்று வாய்க்காலில் ஒற்றைக்காலில் நிற்குமே, அது.
மடையன் என்றும் படிக்கலாம்.
மடையான், மிஷன் முப்பத்திரண்டு, நிறைவு.

கோப்புகளின் நேரத்தைப் பார்த்தேன்.
இரவு 2.40. இரவு 3.15. இரவு 1.50.
ஒன்பதாவதைத் தாண்டியது அக்டோபரில், தனியாக,
அநேகமாக ஸ்பீக்கரை அணைத்துவிட்டு.
அதற்குப் பிறகும் மூன்று மாதம்
தினம் மத்தியானம் என்னோடு வந்து செத்தார்.
அந்தக் கட்டைவிரல்
வேண்டுமென்றா தாமதித்தது?

தங்கச்சியிடம் நம்பர் இருந்தது.
காரைக்கால் துறைமுகத்தில் ஐஸ் பிளான்ட் நடத்துகிறாராம்.
இத்தனை வருடம் கழித்து
எந்த வாக்கியத்தில் தொடங்குவது?
நலமா என்று அடித்து அழித்தேன்.
மன்னிப்பு என்று ஒரு சொல், யார் சார்பில் என்று தெரியாமல்,
அதையும் அழித்தேன்.
'ஒன்பதாவது மிஷன்ல எப்படித் தப்பிச்சீங்க?'

நாற்பது நிமிடம்.
இரண்டு நீல டிக்.
'சுடவே கூடாது.
எஞ்சினை அணைச்சிட்டு மிதக்கணும்.
சூட்டைப் பார்த்துத்தான் அதுங்க வரும்.'
கொஞ்சம் விட்டு,
'சாப்பிட்டியா?'

அணைத்தேன்.
கண்ணிவெடிகள் கண்ணாடியை உரசுவதுபோல் வந்து
என்னைக் காணாமல் திரும்பிப் போயின.
தெருமுனையில் அறுப்பு இயந்திரம் ஏற்றிய லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
சரக்குக் கப்பல் மெதுவாக
எனக்கு மேலே, பெரிய நிழலாக,
கடந்துகொண்டிருக்கும்போதே
சாப்பிட்டேன் என்று
ஒரு பொய் அனுப்பினேன்.