வெண்ணெய்க் கட்டி

பதினேழு வருடமாக மீனை உறைய வைக்கிறவள் நான்.
வீகோ துறைமுகத்தில், மைனஸ் இருபத்தைந்தில்,
கையுறைக்குமேல் கையுறை போட்டு.
குளிர் என்ன செய்யும் என்று
எனக்குத் தெரியாதா?

இருந்தும் அந்த மூன்றாம் மாடியில்
வெள்ளைக் கோட்டுப் பெண்
கத்தியில்லை, ரத்தமில்லை, முப்பத்தைந்தே நிமிடம்
என்றதும்
அடிவயிற்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.
இயந்திரம் வாயால் கவ்விக்கொண்டது.
நான் பத்திரிகையில்
யாரோ ஒருத்தியின் கல்யாணப் படங்களைப் புரட்டினேன்.

முதலில் மரத்துப்போனது.
மூன்று வாரம் அந்த இடம் என்னுடையதில்லை,
சோப்புப் போட்டால்
வேறு யாரையோ குளிப்பாட்டுவதுபோல.
பிறகு இரவுகளில் குத்தல்.
மத்தி முள் தொண்டையில் சிக்கினால் சோற்றை விழுங்கலாம்;
தோலுக்கடியில் சிக்கினால்?
மாத்திரை கொடுத்தார்கள்.
தூங்கினேன். முள் தூங்கவில்லை.

நான்காம் மாதம்
பேன்ட் பொத்தான் போடும்போது விரலில் இடித்தது.
தொப்புளுக்குக் கீழே, மூலைகள் மழுங்கி,
இயந்திரத்தின் வாய் எந்த அளவோ
அதே அளவில்,
ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த வெண்ணெய்.

உடைமாற்றும் அறையில் கார்மே தொட்டுப் பார்த்தாள்.
"அரைக் கிலோ தேறும். லேபிள் ஒட்டி அனுப்பலாமா, சபேலா?"
சிரித்தோம்.
சிரிப்பில் எல்லாம் குலுங்கியது,
அதைத் தவிர.

மசாஜ் செய்தால் போகும் என்றார்கள் மூன்றாம் மாடியில்.
போகவில்லை.
இன்னொரு தடவை வைத்துப் பார்ப்போம், பாதி விலைக்கு என்றார்கள்.
மீன் வேலையில் முதல் நாளே சொல்லித்தருவது:
உருகியதை மறுபடி உறைய வைக்காதே.
எழுந்து வந்துவிட்டேன்.
கையெழுத்திட்ட தாளின் எட்டாம் பக்கத்தில்
எறும்பு எழுத்தில்
எல்லாம் இருந்தது என்பது
பேருந்தில் வாசித்தபோது தெரிந்தது.

டாக்டர் நோவாஸ் கணினியைப் பார்க்கவில்லை,
வயிற்றைப் பார்த்தார், இரண்டு கையாலும்.
அபூர்வம் என்றார். உங்கள் தப்பில்லை என்றார்.
பட்டினி கிடந்தாலும் கரையாதாம், ஓடினாலும் கரையாதாம்.
குளிரில் சாகவேண்டிய கொழுப்பு
சில உடம்புகளில் குடும்பம் பெருக்குகிறதாம்;
ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம்.
இன்னும் சில மாதம் இளகட்டும்,
பிறகு குழாய் விட்டு உறிஞ்சிவிடலாம்.

"அதாவது, கத்தி."

"சின்னக் கத்தி."

ஒரு ஷிஃப்டில் ஆயிரம் வயிற்றைக் கீறுகிறவள்
நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காத்திருக்கிறேன்.
இறுக்கமான இடுப்புப் பட்டை, துவைத்துப் போட இன்னொன்று,
காலண்டரில் மார்ச் மாதத்தைச் சுற்றி ஒரு வட்டம்.
வெளியே மழை, எப்போதும்போல.
கோபம் வரும் என்றுதான் நினைத்தேன்.
வருகிறது, சில நாள்.
சில இரவு கையை அதன்மேல் வைத்துக்கொண்டு படுக்கிறேன்:
கொல்ல அனுப்பிய குளிருக்குள் போய்
கொழுத்துத் திரும்பியிருக்கிறது.

பதினேழு வருடத்தில்
ஒரு மீன்கூட இதைச் செய்ததில்லை.