ஒற்றை நிலா

குமிழி.
மறுபடியும் முதலிலிருந்து.

மேசையில் மல்லாத்திவைத்த கண்ணாடிமேல்
குனிந்திருக்கிறாள் யஸ்னா.
விரல்நுனியில் லென்ஸ்,
உப்புநீர் தளும்பும் குட்டிக் கிண்ணம்,
கண்ணை நோக்கி ஏறுகிறது.

கூம்பிப்போன கருவிழிக்கு
புந்தா அரேனாசில் எந்த விளக்கும் ஏழு.
படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள்
மேலங்கி நிறத்தால்தான் ஆளை அறிவாள்.
பச்சை மேலங்கி எவாரிஸ்தோ
தினமும் சிரிப்பான். இவளும் சிரிப்பாள்.

மூன்றாம் முறை
வெள்ளைவிழிமேல் உட்கார்ந்துவிட்டது.
ஜன்னலில் ஒரே ஒரு நிலா,
கொஞ்சம் ஏழ்மையாக.

காலையில் காற்று
தெருக்கயிற்றைப் பிடித்து நடக்கவைக்கிறது.
கண்ணுக்குள் மட்டும் அதற்கு வழியில்லை.

பச்சை மேலங்கி கிட்டே வருகிறது.
சிரிப்பில்லை அது.
உதட்டோரம் இழுத்துத் தைத்த தழும்பு.

டிக்கெட் பாதி கிழிந்து நிற்கிறது.
"கண் கலங்கியிருக்கே" என்கிறான்.

"உப்புத்தண்ணிதான்."