பதினெட்டுப் போல்ஸ்

கொக்கட்டிச்சோலைச் சந்தியில்
என் பின்சில்லு அரைக்கத் தொடங்கினால்
முதலைக்குடாவில் படலை திறக்கும்.
"தபால் வருது கா" என்பாள் பூரணவதி,
என் முகத்தைக் காணுமுன்.

படிவம் எழுதிப் போட்டேன், மூன்று பிரதி.
பதிலை நானே சாக்கிலிருந்து எடுத்தேன்:
கையிருப்பில் இல்லை.

மண்முனைப் பாலம் தாண்டிக் காத்தான்குடியில்
நெருப்புப்பெட்டிக்குள் எண்ணிப் போட்டுத் தந்தார் றமீஸ்.
"லேசான சாமான்தான், நான் பொய் சொல்லமாட்டன்."
பொய்யில்லை.
மாரி வெள்ளத்துக்குள் ரெண்டு கிழமை உருண்டு
அம்மை போட்ட முகத்தோடு வெளியே வந்தன.
ஒன்று மட்டும் மயிரளவு பெருத்திருந்ததாம்,
மற்ற எட்டின் பாரத்தையும் தானே தாங்கிப் பிளந்ததாம்.
சொன்னவர் சைக்கிள் திருத்துகிற அருமைலிங்கம்.
விளக்கத்துக்குக் காசு எடுக்கவில்லை,
கழற்றிக் கழுவியதற்கு எடுத்தார்.

இரவு, போன் வெளிச்சத்தில் கடை தேடினேன்.
படத்தில் ஒவ்வொன்றும் சந்திரன் அளவு.
கால் அங்குலம். குரோம் உருக்கு.
தரம் ஆயிரம், தரம் நூறு, தரம் இருபத்தைந்து.
எண் இறங்க இறங்க விலை ஏறியது.
(பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு இருபத்தைந்து எடுத்தவள் நான்.
ஒருவரும் என்னை அந்த விலைக்குக் கேட்கவில்லை.)
எனக்குத் தேவை பதினெட்டு.
நூறுக்குக் குறைய விற்கமாட்டார்களாம்.
எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருத்தர்
நுண்மானியால் அளந்து எழுதியிருந்தார்:
ஐம்பது பார்த்தேன், ஐம்பதும் ஒன்றுபோல்.
பொழுதுபோகாத அந்த ஆளை நம்பி அழுத்தினேன்.

நாற்பத்தொரு நாள்.
பொதி கொழும்பில் கிடந்தது,
பிறகு எங்குமே இல்லை என்றது,
பிறகு ஒரு வியாழன் காலை
என் சாக்கின் அடியில் கிலுகிலுத்தது.
சாமித்தம்பி மேகவர்ணி.
பேரை முறித்து எழுதியிருந்தது, என்றாலும் நான்தான்.
ஒப்படைத்தவர் கையொப்பம், பெற்றவர் கையொப்பம்
இரண்டையும் போட்டேன்.
தபால் அதிபர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு
முத்திரை குத்தினார்.

அருமைலிங்கம் கண்ணாடித் துண்டில் உருட்டிப் பார்த்தார்.
பக்கத்துக்கு ஒன்பது, கிறீசுக்குள் ஒவ்வொன்றாய் ஒட்டவைத்தார்.
"கோப்பையும் தேய்ஞ்சிதான் இரிக்கி. கொஞ்ச நாளைக்கு ஓடும்."
சில்லைச் சுண்டிவிட்டுக் கையை எடுத்தார்.
சுற்றிச் சுற்றித் தளர்ந்து
வால்வு இருந்த பக்கம் தன் பாரத்திலேயே கீழே வந்து
ஒருக்கா அங்கால, ஒருக்கா இங்கால
ஆடி நின்றது.
அவ்வளவு சின்னப் பாரம்கூட
இனி அந்தச் சில்லுக்குத் தெரியும்.

அடுத்த நாள் முதலைக்குடாவில்
ஒரு படலையும் திறக்கவில்லை.
வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டேன்.
கையில் மீன்செதிலோடு ஓடிவந்தாள் பூரணவதி:
"எப்ப கா வந்த? கள்ளன் மாதிரி வாறாய்!"
நாய் என்னைப் புது ஆளாய்க் குரைத்தது.

மிச்சம் எண்பத்திரண்டும் ஜாம் போத்தலில் இருக்கின்றன.
இப்போது இரவுகளில் மணி தேடுகிறேன்.
பித்தளை, நிக்கல், இரட்டைத் தட்டு,
படமெல்லாம் பளபளப்பு.
எவ்வளவு தூரம் கேட்கும் என்று மட்டும்
ஒருவரும் அளந்து எழுதவில்லை.