பாக்கி ஐம்பது ரூபிள்

இன்று ஓய்வு நாள்.
கால்களுக்கு அது தெரியவில்லை;
நான் விழிக்கும் முன்பே
போர்வைக்குள் மிதிக்கத் தொடங்கியிருந்தன.
இடது முழங்கால் மட்டும் வரமாட்டேன் என்றது.

சைக்கிளை விடுதியின் விறகுக் கொட்டகையில் பூட்டிவிட்டு
நொண்டியபடி நடந்தேன்.
பைக்காலுக்குக் கிழக்கே, செப்டம்பர்,
லார்ச் மரங்கள் பாதி மஞ்சள்.
இருபத்து மூன்று நாளாக
என் மார்பில் கைவைத்துத் தள்ளிய காற்று
நடப்பவளைக் கண்டுகொள்ளவே இல்லை.

மடத்தைச் சுற்றி மரவேலி.
வேலியோரம் பச்சை பூசிய தகரத்தில்
பிரார்த்தனை உருளைகள்.
ஏழாவது கீச்சிட்டது.
கை தானாக இடுப்புப் பைக்குப் போனது.
எண்ணெய்க் குப்பி அறையில்.
சரி, கீச்சிட்டுக்கொண்டே சுற்று.

உள்ளே மேசைக்குப் பின்னால் செசெக்மா,
கம்பளிச் செருப்பு, நூலில் தொங்கும் மூக்குக்கண்ணாடி.
பெயர், பிறந்த ஆண்டு.
ஒரு பெயருக்கு ஐம்பது ரூபிள்.
நான் சொல்ல அவள் எழுத்தில் எழுதினாள்:
குழலி, ழகரம் உதிர்ந்து குலலி ஆனேன்.
எண்பத்து மூன்று.
பன்றி ஆண்டு, என்று தானே சேர்த்துக்கொண்டாள்
ஏதோ நல்ல சேதி போல.
எதற்காக?
முழங்காலுக்கு.
அதையும் எழுதினாள், சிரிக்காமல்.

நூறு ரூபிள் தாளை நீட்டினேன்.
இழுப்பறையைத் திறந்து, பார்த்து, மூடினாள்.
சில்லறை இல்லை.
இன்னொரு பெயர் சொல்லேன்.

எனக்கு ஆளில்லாமல் இல்லை.
ஆனாலும் வாயில் வந்தது ஓர் எண்.

நான்கு நாள் முன்பு மேட்டுத் திருப்பத்தில்
மரத்தடி ஏற்றிய லாரி ஒன்று
என்னைச் சரளைக்குள் ஒதுக்கிவிட்டு
நிற்காமல் போனது.
கிடந்தபடியே அதன் பின்பலகையைப் படித்தேன்.
போலீசிடம் சொல்வதற்காக
ஏற்றத்தில் மூச்சுக்கு ஒன்றாகச் சொல்லிச் சொல்லி
மறக்காமல் கொண்டுவந்தேன்:
நான்கு, ஒன்று, ஏழு.

செசெக்மாவின் பேனா நின்றது.
ஓட்டியவன் பெயர்?
தெரியாது.
ஆண்டு?
தெரியாது.
லாரி என்ன நிறம்?
ஆரஞ்சு.
நல்லவேளை, என் தங்கை புருஷனுடையது நீலம்,
என்று எண்ணை எழுதினாள்.

மதியம் மணி அடித்தது.
வெண்ணெய் விளக்குப் புகை, ஈரக் கோட்டுகளின் வாடை.
தொண்டை கட்டிய ஓர் இளம் லாமா
தாள்களைத் தகரக் கூரை மழை போல்
படித்துக்கொண்டே போனார்:
பைர்மா, சொக்தோ, துகார்,
குலலி முழங்கால்,
நான்கு ஒன்று ஏழு,
சிண்டிமா…
ஓரிடத்திலும் தடுக்கவில்லை.
முன்வரிசையில் ஒருவர் மட்டும்
தூக்கத்திலிருந்து நிமிர்ந்து
தன் சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மன்னித்தாயா என்று கேட்டால், இல்லை.
சில்லறை இல்லை, அவ்வளவுதான்.

இரவு, முழங்காலில் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.
நாளைக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர்.
வழக்கம்போல் எண்ணை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.
அது அந்தக் கட்டிய தொண்டையில்தான் வந்தது.