குழி எண் பதினேழு

பீஞ்சமந்தைக்கு மேலே,
தார் முடிந்து, வண்டித்தடமும் முடிந்து
ஆடுகள் மட்டும் நம்பும் ஒற்றையடிப் பாதையில்
குழி எண் பதினேழு.

ஒரு மீட்டர் தோண்டச் சொல்கிறது படிவம்.
பூங்காவனம் கடப்பாரையை ஓங்கி இறக்கினாள்.
முதல் குத்து சருகில். சத்தமே இல்லை.
அடுத்தது கரிய மண்ணில்.
அதன் கனம் என் சுண்டுவிரல் அகலம்.
இத்தனை வெக்காலியும் உசிலையும்
காலமெல்லாம் உதிர்த்துச் சேர்த்தது
அவ்வளவுதான்.

பிறகு சரளை பல்லைக் கடித்தது.
செம்பழுப்பு.
கல்லுக்கு நடுவே மண்ணா
மண்ணுக்கு நடுவே கல்லா
எதை எதிலிருந்து கழிப்பதென்று தெரியவில்லை.
அமிலம் சொட்டினேன், நுரைக்கவில்லை.
நிற அட்டையோடு ஒப்பிட மண்ணை நனைக்க வேண்டும்,
தண்ணீர்ப் புட்டி காலி,
எச்சில் துப்பினேன்.

முப்பத்திரண்டாவது சென்டிமீட்டரில்
ணங்.
அதிர்ச்சி அவள் தோள்வரை ஏறி
வளையல்களில் இறங்கியது.
கையை உதறிக்கொண்டே சொன்னாள்:
"அவ்ளோதான் சாரு. இனிமே மலை."

குழிச் சுவரில் ஒரு வேர்
பாறையைத் தொட்டதும் திரும்பி
படுத்தவாக்கில் போயிருந்தது,
விருந்துக்கு வந்த வீடு பூட்டியிருக்க
அடுத்த தெருவுக்கு நடப்பவனைப்போல.
இன்னொன்று திரும்பவில்லை.
மயிரிழை வெடிப்பொன்றில்
என் அளவுநாடாவைவிடத் தட்டையாகி
உள்ளே போய்விட்டது.
எவ்வளவு தூரம் என்று
நாடாவைச் செருகிப் பார்த்தேன்.
மடங்கியது.

மதியம், காட்டோரம் அவள் கொல்லை.
சாமை அறுத்த தாள்கள் குத்திட்டு நின்றன.
ஒரு மீட்டர் சட்டத்தைக் கீழே வைத்து
கற்களை எண்ணினேன்.
மேற்பரப்புக் கல்: அறுபது சதவீதம்.
ஏழாம் வகுப்பு நிலம், உழவுக்கு ஆகாது.
"ஏழாங்கிளாஸா? நான் அஞ்சோட நின்னுட்டேன்,
எங்கொல்லி எனக்கு மேல படிச்சிருக்கு"
என்று சிரித்தவள்
சட்டத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.
"ஆனா இதுல பாதி
நான் கொண்டாந்து போட்டது."

மூன்று வருஷம் முன்னால் ஒரு திட்டம் வந்ததாம்.
கல் பொறுக்கி வரப்புக் கட்டக் கூலி,
இருபத்தோரு நாள்.
பெயர்ப்பலகைக்கு முன்னால் போட்டோவும் எடுத்தார்கள்.
கொல்லை வழவழவென்று கிடந்ததாம்,
சாணி மெழுகிய களம்போல.
ஆனியில் ஒரே மழை.
அன்றிரவு ஓடை சிவப்பாக இறங்கி
ஒடுகத்தூர்ப் பக்கம் போனது.
காலையில் பார்த்தால் ஆங்காங்கே
மலையின் முதுகெலும்பு வெளியே தெரிந்தது.
அந்த வருஷம் சாமை
ஒரு சாண் எழும்பி, யோசித்து, நின்றுவிட்டது.

அறுப்புக்கு ஒன்றும் இல்லாத தை மாதத்தில்
வரப்பைப் பிரித்தாள்.
கூடை கூடையாகத் தலையில் சுமந்து
எடுத்த இடம் எதுவென்று
தோராயமாக நினைவுவைத்து
திரும்பப் போட்டாள்.
நாற்பது நாள். அதற்குக் கூலி இல்லை,
போட்டோவும் இல்லை.

"ஏன்?" என்றேன்.
பதில் சொல்லாமல்
ஒரு கல்லைக் காலால் புரட்டினாள்.
பங்குனி வெயில். ஊரே பொரிந்துகொண்டிருந்தது.
கல் இருந்த குழிவில்
மண் இன்னும் கறுத்திருந்தது.
ஒரு தேள் வாலைத் தூக்கி
எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு
அடுத்த கல்லுக்குக் குடிபோனது.
விரலை வைத்தேன்.
ஈரம்.

படிவத்தில் கல்லின் பிறப்பிடத்துக்கு
மூன்று கட்டங்கள்:
அடிப்பாறைச் சிதைவு, சரிவில் உருண்டது, நீர் கொணர்ந்தது.
பேனா முனையை மூன்றின்மேலும் சுற்றவிட்டு
மூடி வைத்தேன்.

பொழுது சாய, பதினேழுக்குத் திரும்பினோம்.
தோண்டக் கூலி உண்டு, மூட இல்லை என்று
சொல்ல நா எழவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.
செம்மண்ணை முதலில் தள்ளினாள்,
தனியே குவித்திருந்த கரியதை அதன்மேல் தூவினாள்.
கடைசியாகச் சருகை வாரி
கையால் பரப்பினாள்,
தூங்கும் பிள்ளைமேல் துணியை இழுத்துவிடுவதுபோல்.

இப்போது பதினேழு எங்கே என்று
எனக்கே தெரியவில்லை.
கடப்பாரையின் நுனி மழுங்கியிருந்தது.
பதினெட்டு மேலே,
இதைவிடக் கல்.