பதினேழே முக்காலும் சொச்சமும்

பேட்டை மரக்கடையில்
இடித்த வீட்டுச் சன்னல் ஒன்றைப் பேரம் பேசினேன்.
கம்பிகளை உருவிக்கொண்டார்கள்,
இரும்புக்குத் தனி விலையாம்.
தேக்குச் சட்டத்தில் மிஞ்சியது
நாலு விரல் இடைவெளியில் ஏழு துளை.

"கதவா செய்யப் போறிய?" என்றார் பூல்பாண்டி.
கிட்டார் என்றேன். கரண்டில் பாடுவது.
"வாசிப்பியளோ?"
இல்லை.
சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
அதில் ஏதோ எழுதியிருப்பது போல.
பிறகு இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார்.

பகலில் ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில்
சர்க்கரை மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவள் நான்.
முப்பது, முப்பது, முப்பது.
ராத்திரி மொட்டைமாடியில்
அறுநூற்று நாற்பத்தெட்டு மில்லிமீட்டரைப்
பதினேழே முக்காலும் சொச்சமும் கொண்டு வகுக்கிறேன்.
வந்த இடத்தில் வாள்.
மிச்சத்தை மறுபடி வகுக்கிறேன், மறுபடி வாள்,
இருபத்திரண்டு தரம்.
ஒவ்வொரு மெட்டும் முந்தியதைவிடக்
கொஞ்சம் ஒடுங்கி நிற்கிறது,
பாபநாசம் பஸ்ஸின் கடைசி சீட்டுக்காரர்கள் மாதிரி.

சன்னல் செய்த ஆசாரியின் கணக்கு வேறு.
அவர் துளைகள் எல்லாம் சம தூரம்.
சிரட்டையைத் தேய்த்து வில்லை வில்லையாய் அடைத்தேன்.
மூன்றிலும் ஐந்திலும் விழவேண்டிய கறுப்புப் புள்ளிகள்
இரண்டிலும் நாலிலும் விழுந்தன,
ஒன்று மெட்டுக்கு அடியிலேயே போய் ஒளிந்தது.
கள்ளன் நுழையாதிருக்க அளந்தவருக்குச்
சுருதியைப் பற்றி என்ன கவலை?

ஆனிக் காற்று.
உப்புத்தாள் தேய்த்த தூளெல்லாம்
உலகம்மா மதினியின் மோர்மிளகாயில் போய் இறங்கியது.
"ஏ லிடியா, தேக்குல வத்தல் போட்டா
கரையான் அரிக்காதோ?"
மறுநாள் அதைப் பொரித்தும் கொடுத்தாள்.
பல்லில் நறநறத்தது.
தின்றேன், வேறென்ன செய்ய.

உடம்புக்கு வாகைப் பலகை.
முதல் குழி ஆழம் தெரியாமல்
முதுகு வரை போய்விட்டது.
துரைப்பழம் அதன் வழியே என்னைப் பார்த்து
"சன்னல்தான் செய்யுத போல" என்றான்.

மைதீன் பிச்சை பாயின் மோட்டார் கடையில்
கிணற்று மோட்டாருக்கான கம்பிதான் இருந்தது.
எனக்கு வேண்டியது முடியிலும் மெலிது.
பழைய ரிலே ஒன்றைப் பிரித்துத் தந்தார்,
"தும்மாமச் சுத்துங்கோ."
தையல் மிஷினில் பாபின் சுற்றும் இடத்தில் பொருத்தி
ஏழாயிரம் சுற்று.
மூவாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டில் கரண்டு போயிற்று.
இருட்டில் கால் நிற்கவில்லை; கம்பி அறுந்தது.
அடுத்த நாள் மறுபடி ஒன்றிலிருந்து.
அந்த வாரம் சுத்தமல்லிக்காரர் ஒருவருக்கு
முப்பத்தொன்று கொடுத்திருக்கிறேன்.
ஒற்றை மாத்திரையைத் தாளில் மடித்து
பஸ் ஏறித் திருப்பிக்கொண்டு வந்தார்.

பாலத்தை ஆறு மில்லி தள்ளி வைத்ததை
எழுத மனமில்லை.
பழைய ஓட்டைகளை முளையடித்து மூடியிருக்கிறது,
வார்னிஷ் அதைக் காட்டித்தான் கொடுக்கிறது.

நேற்று ராத்திரி
ஹோம் தியேட்டர் பெட்டியில் செருகினேன்.
டிரான்ஸ்பார்மர் அடியில் நிற்பது போல ஓர் இரைச்சல்.
கம்பிமேல் கை வைத்தால் அடங்குகிறது.
எடுத்தால் மறுபடி.
குழிக்குள் செம்புத்தகடு ஒட்டவேண்டும், தெரியும்.
ஆனாலும் கொஞ்ச நேரம்
வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன்.
என் வழியாக எதுவோ தரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு ஆறு கம்பியையும் கட்டைவிரலால் ஒரு இழுப்பு.
கைப்பிடிச் சுவருக்கு அந்தப்பக்கம்
உலகம்மா மதினி துணி எடுப்பதை நிறுத்தினாள்.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான் மதினி.
"இன்னொருக்கா அடி."

அடித்தேன்.
ஒன்பதாம் மெட்டில் நாலாவது கம்பி
ஈ மாட்டிக்கொண்டது போல அதிர்கிறது.
ஒரு மயிரிழை தேய்த்தால் போதும்.
அரத்தை எங்கே வைத்தேன்?